வல்லாளனின் திதியும் வரலாற்றின் பழியும்

ஆண்டுதோறும் மாசி மகத்தன்று திருவண்ணாமலை அண்ணாமலையார் தம் கோயிலை விட்டுப் புறப்பட்டுப் பள்ளிகொண்டாப்பட்டு என்னும் சிற்றூருக்கு எழுந்தருளுகிறார். அங்கே கௌதம நதிக்கரையில் ஒரு மன்னனுக்குத் திதி கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர் இறைவனே என்பது அம்மரபின் நம்பிக்கை. இதற்கு முன்னோட்டமாகத் தைப்பூசத்தன்று ஈசானியக் குளத்தில் தீர்த்தவாரி நடைபெறும்போது, மன்னன் போரில் இறந்துபட்ட செய்தி இறைவனுக்குத் தெரிவிக்கப்படுகிறது. மேளதாளத்தோடு போனவர் மேளதாளமின்றித் திரும்புகிறார். நமக்குரிய வழிபாடன்று அது. ஆயினும் இறந்தவனுக்காக ஓர் ஊர் மௌனம் காக்கும் அந்தக் காட்சியின் கண்ணியத்தை உணர ஒருவர் அந்தச் சமயத்தவராக இருக்க வேண்டியதில்லை.

அந்த மன்னன் போசள மரபின் மூன்றாம் வீர வல்லாளன். சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் அவனைப் பிள்ளையில்லாத அரசனாகக் காட்டுகிறது. சிவனடியார் வேடத்தில் வந்த இறைவன் அவனைச் சோதித்து, இறுதியில் இளைய அரசி சல்லமாதேவியின் கையில் குழந்தையாகி மறைந்தார் என்பதும், ஈமக்கடனை மகனாக நின்று தாமே செய்வதாக வாக்களித்தார் என்பதும் கதை. திருவண்ணாமலை மக்கள் வல்லாளனைப் பற்றி நினைவில் வைத்திருப்பது இதைத்தான். அவனுக்கு மகன் இல்லை, இறைவன் மகனானான். அவனைக் கொன்றவன் யார், எந்த மதத்தவன் என்ற வினாவுக்கு அந்தத் திதியில் இடமில்லை.

இந்த வினா வேறோர் இடத்தில், வேறொரு காலத்தில் எழுந்தது. அது எழுந்த விதத்தையும், எழுந்தபின் இந்நாட்டு முஸ்லிம்களின்மீது அது படிந்த விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். ‘தென்னிந்தியாவும் அவளுடைய முகமதியப் படையெடுப்பாளரும்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். கல்வெட்டுகளையும் பாரசீக, அரபு மூலங்களின் மொழிபெயர்ப்புகளையும் ஒருங்கே வைத்துப் பதினான்காம் நூற்றாண்டுத் தமிழகத்தை எழுத முயன்ற முன்னோடி நூல் அது. அதன் உழைப்பை நாம் மறுக்கவில்லை. இக்கட்டுரைகூட அந்த உழைப்பின் கடனாளிதான். ஆனால் தலைப்பைச் சற்று உற்றுநோக்க வேண்டும். ‘அவளுடைய’ என்ற சொல், போசளர், பாண்டியர், சம்புவராயர், காகதியர் எனத் தங்களுக்குள் ஓயாது போரிட்டுக்கொண்டிருந்த அரசுகளை ஒரே உடலாக, ஒரே பெண்ணாக ஆக்கிவிடுகிறது. ‘முகமதிய’ என்ற அடைமொழி, படையெடுத்து வந்தவர்களின் குலத்தையோ நாட்டையோ சொல்லாமல் மார்க்கத்தைச் சொல்கிறது. இவ்விரு சொற்களும் சேர்ந்த கணத்திலேயே நூலின் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்த உடலைக் காக்க முதுமையிலும் வாளேந்தியவனாக வல்லாளன் அதில் உருப்பெறுகிறான். அவன் விட்ட இடத்தில் விஜயநகரம் தொடங்குகிறது. விஜயநகரத்தை முஸ்லிம் படையெடுப்புகளுக்கு எதிரான இந்து அரணாகக் கண்ட இராபர்ட் சூவலின் ‘மறக்கப்பட்ட பேரரசு’ 1900இலேயே வெளிவந்திருந்தது. அதற்கும் முன்பு, 1817இல், இந்திய வரலாற்றை இந்துக் காலம், முகமதியர் காலம், பிரிட்டிஷ் காலம் என்று கூறுபோட்ட ஜேம்ஸ் மில் பாதையைப் போட்டுக் கொடுத்திருந்தார். காலனிய ஆட்சி வெட்டிய வாய்க்காலில் தேசிய வரலாறு நீர் பாய்ச்சிற்று எனலாம்.

இந்தச் சித்திரத்துக்கு அடங்காத செய்திகள் அந்த மூலங்களிலேயே உள்ளன. 1311இல் மாலிக் கபூரின் தில்லிப் படை துவாரசமுத்திரத்தை முற்றுகையிட்டபோது வல்லாளன் பணிந்தான். பணிந்ததோடு நிற்கவில்லை, பாண்டிய நாட்டை நோக்கிச் சென்ற அப்படைக்கு வழிகாட்டியாகவும் சென்றான் என்று 1350 அளவில் ‘ஃபுதூஹுஸ் ஸலாத்தீன்’ காவியத்தை எழுதிய இசாமி பதிவு செய்கிறார். தில்லிக்கு அனுப்பப்பட்டிருந்த அவனுடைய மகன் 1313இல் ஊர் திரும்பியதைப் போசளக் கல்வெட்டொன்று கொண்டாட்டத்தோடு குறிக்கிறது. இவற்றைச் சொல்வது வல்லாளனை இழிவுபடுத்தவன்று. அவன் ஓர் அரசன். அரசைக் காத்துக்கொள்ள அரசர்கள் செய்ததை அவனும் செய்தான். பாண்டியனின் வீழ்ச்சி அவனுக்குத் தேசத்தின் வீழ்ச்சியாகத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அந்தத் தேசம் அப்போது எவர் மனத்திலும் இருக்கவில்லை.

அவனுக்குப் பின் வந்த விஜயநகர இளவரசன் குமார கம்பணனின் கதையும் இத்தகையதே. அவனுடைய மனைவி கங்காதேவி இயற்றிய ‘மதுரா விஜயம்’ என்னும் சமஸ்கிருத காவியத்தின் ஏடு 1916இல் திருவனந்தபுரத்தில் கண்டெடுக்கப்பட்டது. அது முதல் மதுரைச் சுல்தானை வென்ற வீரனாகவே கம்பணன் பேசப்படுகிறான். ஆனால் அதே காவியத்தில் அவன் முதலில் வெல்வது சுல்தானை அன்று, சம்புவராயரை. அந்தச் சம்புவராயரின் படைவீடு இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1989இல் வடஆர்க்காட்டிலிருந்து இம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ‘திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்’ என்றே பெயர் சூட்டப்பட்டது. வந்தவனைப் படையெடுப்பாளன் என்பதாயின், இம்மண்ணின் அரசருக்குக் கம்பணனும் படையெடுப்பாளனே. ஆயினும் எந்த நூலும் அவனை அப்படி அழைப்பதில்லை.

இங்கே சொற்களின் வரலாற்றைச் சற்று நினைவுகூர வேண்டும். அக்காலத் தமிழில் முஸ்லிம்களைக் குறிக்க ஒன்றல்ல, குறைந்தது இரு சொற்கள் இருந்தன. கடல்வழி வந்த அரபியரும் அவர்தம் வழியினரும் சோனகர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இடம்பெறும் சோனகன் சாவூரை நம் வாசகர்கள் அறிவர். குதிரையேறி வடக்கிலிருந்து வந்த துருக்கப் படையினர் துலுக்கர். ஒன்று வணிகத்தின் சொல், மற்றது போரின் சொல். சமஸ்கிருதக் கல்வெட்டுகளும் வந்தவர்களைத் துருஷ்கர், தாஜிகர், பாரசீகர், யவனர் என்று பெரும்பாலும் இனப்பெயராலேயே சுட்டின என்பதை பிரஜதுலால் சட்டோபாத்யாய 1998இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். இந்த வேறுபாடு வெறும் சொல்லளவில் நின்றதன்று. மாலிக் கபூரின் படை கண்ணனூரை அடைந்தபோது அங்கே பாண்டியன் பக்கத்தில் முஸ்லிம்கள் இருந்ததைத் தில்லியின் அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ ஏளனத்துடன் எழுதுகிறார். கலிமா சொல்லத் தெரிந்திருந்ததால் மட்டுமே அவர்கள் உயிர் தப்பினராம். பாண்டியனின் உப்பை உண்டு தில்லிக்கு எதிரே நின்ற அந்தச் சோனகர்கள் நம் முன்னோர்கள். ‘முகமதியர்’ என்ற ஒற்றைச் சொல் அவர்களைத் துலுக்கப் படையின் கணக்கில் எழுதிவிட்டது. தமிழ் முஸ்லிம் ஒருவன் தான் செய்யாத படையெடுப்புக்கு, தன் மூதாதையர் எதிர்த்து நின்ற படையெடுப்புக்கு, இன்று பதில் சொல்ல நிறுத்தப்படுவது இந்தச் சொல்மாற்றத்தின் விளைவு.

இனி வல்லாளனின் முடிவுக்கு வருவோம். அதற்கு நமக்கிருக்கும் விரிவான சான்று ஒரு முஸ்லிமுடைய சான்று என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? தஞ்சையில் பிறந்த இப்னு பதூதா தில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக இருந்தவர். தஞ்சை என்று நாம் சொல்வது மொராக்கோவின் தஞ்சா நகரை. மஅபர் என்று அரபியர் அழைத்த சோழ பாண்டியக் கரைக்கு அவர் வந்து சேர்ந்தபோது மதுரையில் ஆண்டவன் கியாசுத்தீன் தாமகானி. சுல்தானின் மனைவியும் இப்னு பதூதா தில்லியில் மணந்த பெண்ணும் உடன்பிறந்தவர்கள். மதுரைச் சுல்தானியத்தைத் தோற்றுவித்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மக்கள். ஆகவே அவர் சுல்தானின் உறவினர், விருந்தாளி. அஹ்ஸன் ஷா தில்லிச் சுல்தானை எதிர்த்துக் கலகம் செய்தே தனியரசனானான் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்; ‘முஸ்லிம் ஆட்சி’ என்று ஒரே மூச்சில் சொல்லப்படுவது அவ்வளவு ஒன்றுபட்டதாக இருக்கவில்லை.

இப்னு பதூதா எழுதுவதன் சுருக்கம் இது. ஏறத்தாழ எண்பது வயதான வல்லாளன் கண்ணனூர்க் கொப்பத்தைப் பத்து மாதம் முற்றுகையிட்டிருந்தான். அவனுடைய படை ஒரு லட்சத்துக்கு மேல். அதற்குப் புறம்பாக இருபதினாயிரம் முஸ்லிம்களும் அவனிடம் இருந்தனர். அவர்களைக் குற்றவாளிகள், ஓடிவந்த அடிமைகள் என்று பயணியார் இகழ்கிறார். இகழ்ச்சி ஒருபுறமிருக்க, எண்ணிக்கை நம் கவனத்துக்குரியது. மிகைப்படுத்தல் என்று பாதியைக் கழித்தாலும் ‘இந்துப் படை’ என்ற சொல் நிற்காது. கோட்டைக்குள் இருந்தவர்களிடம் பதினான்கு நாளுக்கே உணவு எஞ்சியிருந்தது. சரணடையச் சொன்னான் வல்லாளன். தங்கள் சுல்தானைக் கேட்க வேண்டும் என்றனர் அவர்கள். அதற்கு அந்தப் பதினான்கு நாள்களையும் தவணையாகக் கொடுத்தான். அந்தத் தவணைக்குள், போர் நின்றுவிட்டதென நம்பிக் குதிரைகளை மேயவிட்டிருந்த படைமீது கியாசுத்தீன் பாய்ந்தான். மன்னன் பிடிபட்டான். விடுதலை செய்வதாக ஆசை காட்டி, அவனுடைய செல்வத்தையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டபின், அவனைக் கொன்று தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டனர். அந்த நிலையில் அதைத் தாமே கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார். நடந்த ஆண்டு 1342.

அவர் அத்தோடு விடவில்லை. பிடிபட்ட காட்டு மக்களைக் கியாசுத்தீன் கழுவேற்றியதையும், அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் விவரித்து, இத்தகைய அருவருப்பை வேறெந்த அரசனும் செய்து தாம் அறிந்ததில்லை என்றும், இதனாலேயே அல்லாஹ் அவனுடைய மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் கருத்துரைக்கிறார். விருந்துண்ட வீட்டைப் பற்றி, மைத்துனி கணவனைப் பற்றி, தன் மார்க்கத்தைச் சேர்ந்த அரசனைப் பற்றி ஒரு காழி எழுதிய தீர்ப்பு இது. தளபதிகளை அனுப்பும்போதெல்லாம் வாக்கை முறிக்காதீர்கள், உடலைச் சிதைக்காதீர்கள், குழந்தைகளைக் கொல்லாதீர்கள் என்று அறிவுறுத்துவது நபி (ஸல்) அவர்களின் வழக்கம் என முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் புரைதா (ரலி) வழியாக வந்திருக்கிறது. கியாசுத்தீன் அம்மூன்றையும் செய்தான். இப்னு பதூதாவின் பேனாவுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நம் சமுதாயத்தின் எழுத்துகளில் இந்தப் பகுதி எப்படிக் கையாளப்படுகிறது? ஒரு சாரார் மதுரைச் சுல்தான்களை ‘தமிழகத்தில் நமது ஆட்சி’ என்று பெருமையோடு பட்டியலிடுகின்றனர். காசு, கல்வெட்டு, ஆண்டுகள் எல்லாம் இருக்கும், சுவரில் தொங்கிய தோல் இருக்காது. மற்றொரு சாரார் இந்நிகழ்வை இட்டுக்கட்டப்பட்ட பழி என்கின்றனர். இருவருமே அறியாமல் ஒன்றைச் செய்கின்றனர்: கியாசுத்தீன் நம்மவன், அவனுக்காகப் பேச வேண்டியது நம் கடமை என்ற எதிர்த்தரப்பின் அடிப்படையை ஏற்றுக்கொள்கின்றனர். வாதிடவே வேண்டாத வழக்கொன்றில் நாமாகவே கூண்டில் ஏறி நிற்பதற்கு ஒப்பானது இது. உங்களுக்கோ உறவினருக்கோ எதிராயினும் நீதிக்குச் சாட்சியாயிருங்கள் என்னும் கருத்தமைந்த அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனத்தை மேடைகளில் ஓதும் நாம், அதன்படி நடந்த ஒரு பயணியின் நூலைப் பயண விந்தைகளின் திரட்டாக மட்டுமே வாசித்து வருகிறோம்.

எதிர்த்தரப்பு என்றோம். அதைத் தனிமனிதர்களின் வெறுப்பாக மட்டும் காண்பது போதாது. தேசிய அடையாளம் என்பதற்கே ஓர் இலக்கணம் இருக்கிறது. ஒரு தேசம் உருவாக மறதி இன்றியமையாதது என்று பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882இல் சொன்னார். எதை மறப்பது, எவருக்காக மறப்பது என்பதில்தான் சிக்கல். கம்பணனும் சம்புவராயரும் பொருதது மறக்கப்படுகிறது. வல்லாளன் தில்லிப் படைக்கு வழிகாட்டியது மறக்கப்படுகிறது. மறக்கப்படாதது ஒன்றே. ஞானேந்திர பாண்டே 1999இல் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பே ‘ஒரு முஸ்லிம் இந்தியனாக இருக்க முடியுமா?’ என்பது. ‘தேசிய முஸ்லிம்’ என்றொரு வகை நம் அரசியலில் வழங்கியது, ‘தேசிய இந்து’ என்றொரு வகை வழங்கவில்லையே ஏன் என்று அவர் கேட்கிறார். ஒருவர் பிறப்பாலேயே தேசத்தைச் சேர்ந்தவர், மற்றவர் ஒவ்வொரு தலைமுறையிலும் மெய்ப்பித்துக் காட்ட வேண்டியவர் என்பதே அதன் உட்பொருள். இந்த மெய்ப்பித்தல் எங்கோ நாடாளுமன்றத்தில் நடப்பதன்று. மாலிக் கபூரின் பாடம் நடக்கும் நாளில் வகுப்பிலுள்ள இரண்டொரு முஸ்லிம் பிள்ளைகளின் பக்கம் மற்றப் பிள்ளைகளின் கண்கள் திரும்புவதையும், அப்பிள்ளைகள் புத்தகத்திலிருந்து தலையெடுக்காதிருப்பதையும் அனுபவிக்காத முஸ்லிம் வீடு குறைவு. ஆசிரியர் தீயவராக இருக்க வேண்டியதில்லை. பாடத்தின் தலைப்பே போதும்.

திருவண்ணாமலையின் பதினெட்டாம் நூற்றாண்டு இதற்கு நல்ல உரைகல். கர்நாடக நவாபின் பிடி தளர்ந்த 1753க்குப் பின் முராரி ராவ், முர்தஸா அலிகான், கிருஷ்ண ராவ் என அடுத்தடுத்து இவ்வூரை முற்றுகையிட்டனர். 1757இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1760இல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் பிடித்தான். 1790இல் திப்பு சுல்தான். உயர்ந்த மதிலும் கோபுரமும் உடைய கோயில்தான் இவர்கள் அனைவருக்கும் கோட்டை. ஆனால் முராரி ராவின் மதத்தையோ கேப்டன் ஸ்மித்தின் மதத்தையோ இன்று எவரும் கேட்பதில்லை. அவர்களுக்காகத் திருவண்ணாமலையின் மராத்தியரோ கிறிஸ்தவரோ விளக்கம் தர வேண்டியதுமில்லை. தரக்கூடாது என்பதே நியாயம். அந்த நியாயம் திப்புவின் பெயர் வந்ததும் நின்றுவிடுகிறது.

இவையெல்லாம் ஏட்டுச் சர்ச்சைகள் என்று ஒதுக்கிவிட முடியாதபடி 2025ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. மதுரையின் கடைசிச் சுல்தான் சிக்கந்தர் அடக்கமானதாக மரபு சொல்லும் தர்கா திருப்பரங்குன்றம் மலைமேல் இருக்கிறது. மலை கோயிலுக்குரியது, நெல்லித்தோப்பும் பள்ளிவாசலும் அதற்கேறும் படிகளும் முஸ்லிம்களுக்குரியவை என்று 1931இல் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்தது. ஆனால் 2025இன் தொடக்கத்தில் தர்காவில் ஆடு பலியிடுவது பற்றியும், அவ்வாண்டின் இறுதியில் கார்த்திகை தீபத்தை மலையில் எங்கே ஏற்றுவது என்பது பற்றியும் மூண்ட பூசல்கள் நீதிமன்றம் வரை சென்றன. சட்ட வாதங்கள் ஒருபுறமிருக்க, தெருவில் எழுந்த முழக்கங்களில் கேட்டது 1342இன் பகை. அதே கார்த்திகையில் திருவண்ணாமலை மலையுச்சியில் தீபம் ஏறுகிறது; அதன் ஒளி வல்லாளன் ஆண்ட ஊரின்மீது விழுகிறது. கொல்லப்பட்டவனின் ஊரில் இல்லாத பகை கொன்றவர்களின் ஊரில் கிளப்பப்படுவது விந்தைதான்.

தமிழ் அடையாளம் இதற்கு மாற்றாகாதா என்று கேட்கப்படலாம். ஓரளவுக்கு ஆகியிருக்கிறது. மதத்தை விட்டு மொழியை அளவுகோலாக்கிய திராவிட இயக்கத்தின் காலத்தில் தமிழ் முஸ்லிம் தன்னை அயலவனாக உணர வேண்டிய தேவை குறைந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அந்த அளவுகோலின்படி வல்லாளன் யார்? துவாரசமுத்திரத்துக் கன்னட அரசன்; தமிழ் மண்ணில் புகுந்து ஆண்டவன். ஓர் அடையாளத்தில் அவன் தாயகத்தின் காவலன், இன்னோர் அடையாளத்தில் வந்தேறி. அவனும் மாறவில்லை, அவன் செய்ததும் மாறவில்லை. அளவுகோல் மட்டுமே மாறியது. நம் வீட்டுத் தொழுகைப் பாயை அளக்க வரும் கோலும் நாளை மாறக்கூடியதே. ஆகவே எந்த அடையாளத்தின் நிழலிலும் முற்றாகச் சாய்ந்துவிடுவதில் நமக்குத் தயக்கம் உண்டு.

கோயிலின் வல்லாள கோபுரத்தில் அம்மன்னனின் சிலை இருக்கிறது. கூப்பிய கையோடு நிற்கும் பக்தன் அது. போர்வீரனாக அவனைச் செதுக்க அச்சிற்பிக்குத் தோன்றவில்லை, அல்லது தேவைப்படவில்லை.

இப்னு பதூதாவோ மதுரையில் நெடுநாள் தங்கவில்லை. கொள்ளைநோய் பரவிய அந்நகரில் கியாசுத்தீன் இறந்து, அவனுடைய அண்ணன் மகன் நாசிருத்தீன் அரியணையேறினான். வல்லாளனைப் போர்க்களத்தில் பிடித்தவன் அவனே. பயணியாரும் கடுங்காய்ச்சலில் விழுந்தார். புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பிழைத்ததாக எழுதுகிறார். எழுந்தவுடன் அந்த நகரமே அவருக்கு வெறுத்துப்போயிற்று. இருக்கச் சொல்லிப் புதிய சுல்தான் வற்புறுத்தியும் மறுத்து, கரையிலிருந்த பட்டினத்துக்குப் போய்க் கப்பலேறினார். தோல் அப்போதும் சுவரில் இருந்ததா என்பதை அவர் எழுதவில்லை.